காறையெலும்பு

பிரான்மலையின் பின்சரிவில்
ஆடு இறங்கும் தடத்தை
சைக்கிளுக்குத் திருத்திக்கொண்டோம்.
ஏழாவது வளைவுக்கு ‘வட்டிக்கடை’ என்று பெயர்.
போனால் எதையாவது வைத்துவிட்டுத்தான் வரவேண்டும்.

நான் வைத்தது இடது காறையெலும்பை.

கல்லைப் பார்க்காதே என்று வயிரவன் கத்தியது கேட்டது.
பார்த்தேன்.
கண் போன வழியே முன்சக்கரமும் போனது.
பிறகு வானம், சைக்கிள், வானம்,
வாயில் செம்மண்.

காரைக்குடியில் பிசியோதெரபி உமையாள்
சுவரில் விரல்களை ஏறவிட்டு
எட்டிய இடத்தில் கோடு போடச் சொன்னார்.
எங்கள் வீட்டுச் சுவர் முட்டைப்பூச்சு;
விரலும் வழுக்கும், பென்சிலும் எழுதாது.
குளியலறைக்கு மாறினேன்.
ஒரு டைல் ஏற ஒன்பது நாள்.

பஸ்ஸில், பந்தியில், தூக்கத்தில்
இரண்டு விரல்கள் காற்றில் பிரேக் பிடித்தன.

ஆடியில் மறுபடி போனேன்.
கல் அங்கேயேதான் கிடந்தது,
என் பெடலின் பச்சைக் கீறலோடு.
நினைவில் இருந்ததைவிடச் சின்னது,
அதுதான் எரிச்சல்.

இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி,
தூரத்து ஒற்றைப் பனையைப் பார்த்து
விட்டேன்.
பாதியில் கால் ஊன்றினேன்.

“என்னடா ஆச்சு?” கீழிருந்து வயிரவன்.
ஒன்றுமில்லை,
வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.