எல்லைக்குள்

ஒன்பது புள்ளி ஒன்று.
டெஸ்டோஸ்டிரோன் என்ற சொல்லுக்கு நேரே.
எட்டு புள்ளி நான்கிலிருந்து
இருபத்தெட்டு புள்ளி எட்டு வரை
இயல்பு என்கிறது தாள்.
டாக்டர் பெத்துரே பேனா முனையால்
அந்த எண்ணை ஒருமுறை தட்டினார்,
கதவைத் தட்டிவிட்டு
ஆளில்லை என்று திரும்புகிறவர் போல.
"நல்லாத்தான் இருக்கீங்க, ஓரெஸ்ட்."

வயது நாற்பத்து நான்கு.
யார்க்டனில், ரயில்பாதை ஓரம்,
தானியக் கிடங்கில் தரம் பார்ப்பவன்.
லாரிக்குள் குழாயைச் செருகி
ஒரு பிடி கோதுமை எடுப்பேன்.
பானைக்கு ஒரு சோறு பதம்;
நாற்பது டன்னுக்கு என் ஒரு பிடி.
ஈரம் பதினான்கரைக்குள் இருந்தால்
முத்திரை.
அடுத்த லாரி.

நல்லாத்தான் இருக்கிறேன்.
மதியம் இரண்டு மணிக்கு
எடைமேடையின் நான்கு படிகளில்
மூன்றாவதில் நின்று
கையுறையைச் சரிசெய்வதுபோல் நடிக்கிறேன்.
ஹாக்கி மட்டை மூன்று குளிர்காலமாக
எதற்கென்று தெரியாமல்
காரின் பின்னிருக்கையில் என்னோடு வருகிறது.
நீச்சலில் முதலிடம் என்று மகள் ஓடிவந்தபோது
மகிழ்ச்சி வரட்டும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
அவளுக்குத் தெரிவதற்குள் கைதட்டிவிட்டேன்.

மார்னி ஒன்றும் கேட்பதில்லை.
முன்பெல்லாம் குளிர்ந்த பாதங்களை
என் கெண்டைக்காலில் ஒட்டி அலறவைப்பாள்.
இப்போது காலுறையோடு படுக்கிறாள்.
ஒருநாள் தொட்டேன்,
தவணை கட்டுகிறவனைப் போல.
அவளுக்கும் தெரிந்தது.
"விடு, ஓரெஸ்ட்" என்றாள்.
அந்தக் கனிவை
எந்தத் தாளில், எந்த அலகில் எழுதுவது?

மருந்துக்கடைக்காரர் தூக்கம் என்றார்.
மைத்துனன் பீர் என்றான்.
பீரை விட்டேன். ஒன்பதுக்கே படுத்தேன்.
குறட்டைக்கு ஒரு கருவியை மூக்கில் கட்டிப் பார்த்தார்கள்.
மனச்சோர்வா என்று ஒன்பது கேள்விகள்.
எல்லாவற்றிலும் எல்லைக்குள்.
வேலிக்குள் நின்றபடியே
காணாமல்போன மாடு நான்.

எல்மர் ஃப்ரீசென் ஞாபகம் வந்தது அப்போதுதான்.
ஆறு வருடம் முன், அக்டோபரில்,
காகிதப் பையில் கோதுமை கொண்டுவந்தார்.
"தொட்டிக்குள் கையை விட்டேன்.
ஏதோ சூடாக இருக்கிறது."
மீட்டரைத் திருப்பிக் காட்டினேன்.
பதினான்கு புள்ளி மூன்று.
"எண் சரியாகத்தான் இருக்கு, எல்மர்."
அவர் எண்ணைப் பார்க்கவில்லை.
தன் கையைப் பார்த்தார்.

ஜனவரியில் தொட்டியைத் திறந்தார்கள்.
ஓரமெல்லாம் பொன்.
நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு
கறுத்து, கட்டிதட்டி, புளித்த வாடை.
நான் சோதித்தது ஓரத்துப் பிடி.

போன வாரம் வேறொரு மருத்துவர்,
இஃபெஜிகா என்று பெயர், ஊருக்குப் புதியவர்.
தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்:
ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள்?
வேலை முடிந்து, மாலை நான்குக்கு.
காலையில் எடுக்க வேண்டும் என்றார்.
கட்டுண்டு கிடப்பது எவ்வளவு,
சுதந்திரமாக உலவுவது எவ்வளவு,
அதையும் பார்க்கலாமாம்.
பிறகு, "முப்பது வயதில் உங்கள் எண் என்ன?"

யாரும் எடுத்து வைக்கவில்லை.
முப்பது வயதில் பனியை வாரி
கூரைமேல் எறிந்துவிட்டு
பசிக்கிறது என்று கத்தியவனிடம்
ரத்தம் கேட்கத் தோன்றுமா யாருக்கும்?

நோய் என்று அவர் சொல்லவில்லை.
மருந்து தருகிறேன் என்றும் சொல்லவில்லை.
இதுவாக இல்லாமலும் போகலாம் என்றார்.
"எனக்குத் தெரியவில்லை. தேடுவோம்."
இரண்டு வருடத்தில்
நான் கேட்ட முதல் விடை அது.
கார் நிறுத்துமிடத்தில்
எஞ்சினைப் போடாமல் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்று வியாழன். காலை ஆறே முக்கால்.
வெளியே கழித்தல் முப்பத்தொன்று. வெறும் வயிறு.
எல்மரின் பண்ணை வழியில்தான்.
சமையலறையில் விளக்கு எரிந்தது.
வேகத்தைக் குறைத்தேன்,
நிறுத்தவில்லை.
திரும்பி வரும்போது
நிறுத்தலாம்.