நிறைந்தால் நிற்கும்

கரிப்பட்டமுறிப்புத் தாண்டி
இரண்டாவது மதகடியில்தான் நிற்கிறதாம்.
மூன்று வெள்ளி, ஒரே இடம்.
"விக்கி விக்கி இழுக்கும்,
பிறகு ஒண்டுமில்லை" என்றாள் றெமோன்சியா.
பின்சீற்றைக் கழற்றி எறிந்த ட்ராட் சன்னி.
உள்ளே நான்கு றெஜிபோம் பெட்டி, நாயாற்று இறால்.
ஐஸ் கரைந்து கதவுக்குக் கீழால் சொட்டி
என் கராச் மணலில் கோடு இழுத்தது.

மாங்குளத்தில் பதினொரு வருசம் இஞ்சின் பார்க்கிறேன்.
நெருப்பு வருகுதா, எண்ணெய் வருகுதா, காற்று வருகுதா:
நின்ற வாகனத்தைக் கேட்க இவ்வளவும் போதும்.
நான் நெருப்பிலேயே பிடித்துக்கொண்டேன்.
சூடேறினால் கொயில் படுக்கும் என்று
கொயில் மாற்றினேன்.
எண்ணாயிரத்து ஐந்நூறு.
அடுத்த வெள்ளியும் மதகடி.
பிளக் நாலு. பில்டர்.
காபரேட்டரைப் பிரித்து
ஜெற்றுகளை ஊதி, வெயிலுக்குப் பிடித்து,
துளைக்குள்ளால் வானம் தெரிகிறதா என்று பார்த்தேன்.
தெரிந்தது.
அதற்கடுத்த வெள்ளியும்.

பத்து நிமிசம் சும்மா விட்டால்
ஒன்றும் நடவாததுபோல் ஸ்ரார்ட் ஆகும்.
அந்தப் பத்து நிமிசத்துக்குள்
அவள் தேங்காய் உடைப்பாள்.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்,
அங்கே ஏதோ இருக்கிறது என்று.
காட்டோரம் கிடந்த ஒரு கல்லை நிமிர்த்தி
கற்பூரமும் கொளுத்தத் தொடங்கிவிட்டாள்,
வேதக்காரப் பெண்.
"சும்மா நிக்கிற நேரம்தானே அண்ணை."

ஐந்தாம் வெள்ளி நானும் ஏறினேன்.
முல்லைத்தீவில் தாங்கி நிறைய அடித்தாள்.
முள்ளியவளை கடக்கையில் சொன்னாள்:
"முழுக்க அடிச்சால்தான் இது வேளைக்கு நிக்கும்.
கையில காசில்லாத கிழமை
கொஞ்சமா அடிச்சால் ஒலுமடு மட்டும் வரும்."
முதல்நாளே சொன்னவள்தான்.
காசுக் கவலை என்று நினைத்து
நான் அதைக் காதில் போடவில்லை.

ஒட்டுசுட்டான்.
கரிப்பட்டமுறிப்பு.
முதல் மதகு.
விக்கல்.

பொனற்றைத் திறக்கவில்லை.
"தாங்கிச் சாவியைத் தாரும்."
மூடியைத் திருகினேன்.
உஸ்ஸ்ஸ் என்று உள்ளே இழுத்தது காற்றை,
குளத்துக்கு அடியிலிருந்து வந்தவன் இழுப்பதுபோல.
ஒட்டிக் கிடந்த தகரம்
டொக்கென்று வயிற்றைத் தள்ளியது.
சாவி போட்டாள், பிடித்துக்கொண்டது.

ரின்பால் பேணிக்கு ஏன் இரண்டு ஓட்டை போடுகிறோம்
என்று எனக்குத் தெரியாதா?
தெரியும். தினமும் இரண்டு பேணி குத்துகிறேன்,
பொடியன்களின் தேத்தண்ணிக்கு.
எடுக்கிற அளவுக்கு உள்ளே ஏதும் போகாவிட்டால்
நிறைகுடமும் ஒரு சொட்டுத் தராது.
நிறைய நிறைய, இடம் குறையக் குறைய,
மூச்சு வேளைக்கு முட்டும்.

விற்றவர் வவுனியாவில் ஓய்வுபெற்ற தபாலதிபர்.
போன் எடுத்துக் கேட்டோம்.
பெற்றோல் வரிசைக் காலம்,
இரவில் குழாய் விட்டு உறிஞ்சியிருக்கிறார்கள்.
எந்த லொறியினதோ ஒரு பூட்டுமூடி,
மூச்சுத்துளை இல்லாதது,
வாங்கி இறுக்கியிருக்கிறார்.
"அதுக்குப் பிறகு ஒரு சொட்டும் களவு போகேல்லைத் தம்பி."
உண்மைதான் ஐயா.
இஞ்சினுக்கும் போகேல்லை.

ஒரு மில்லிமீற்றர் துளை,
ட்றில்லில் அரை நிமிசம்.
கூலி வேண்டாம் என்றேன், பெருந்தன்மையாக.
"கொயில் காசு?" என்றாள்.
பழைய கொயில் மேசைக்குக் கீழ் கிடந்தது, நல்ல சுகமாய்.
அதைத் திருப்பிப் பூட்டி
எண்ணாயிரத்து ஐந்நூறையும் எண்ணிக் கொடுத்தேன்.
அவள் இன்னொருதரம் எண்ணினாள்.

இப்போது ஐஸ் கட்டியாகவே வந்து சேருகிறது.
நேற்று ஒரு டீசல் பம்புக்காக
அந்தப் பாதையால் போனேன்.
மதகடியில் கல்லுக்குச் சிவப்புத் துணி.
பக்கத்தில் உண்டியல் பேணி,
மூடியில் ஒரே ஒரு கீறல்.
முன்னுக்கு ஒரு பஸ் நின்றது.
பழுதில்லை.
சாரதி இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்தார்.
நானும் வேகத்தைக் குறைத்தேன்,
ஏனென்று தெரியாமல்.