நாற்பத்தாறு

கிளம்பும்போதே வேலையைப் பிரித்துக்கொண்டோம்.
தர்க்யே விழுவான்.
நான் இழுப்பேன்.

விழுவது என்றால்
நெற்றி, மார்பு, முட்டி எல்லாம் மண்ணில் பட
நெடுஞ்சாண்கிடையாக.
கை தொட்ட இடத்தில் கால் வைத்து எழுந்து
மறுபடி விழுவது, லாசா வரைக்கும்.
இழுப்பது என்றால் வண்டி:
கூடாரம், வறுத்த பார்லி மாவு, வெண்ணெய், கெட்டில்,
அவனுக்கு மாற்றுக் கைக்கட்டை ஏழு ஜோடி.
முன்னால் போய் அடுப்பு மூட்டிவிட்டு
திரும்பி வந்து அவனைப் பார்த்துவிட்டு
மறுபடி முன்னால் போவேன்.
ஒரே வழியை மும்மடங்கு நடந்தவள்.
யாரும் கணக்குப் பார்க்கவில்லை.
லாரிக்காரர்கள் இறங்கி
அவன் நெற்றிக் காய்ப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.
என்னிடம், டயரில் காற்று இருக்கிறதா என்பார்கள்.

பாலம் உடைந்த ஆற்றைப் பரிசலில் கடந்தோம்.
அக்கரை மணலில் நின்று
ஆற்றின் அகலத்தைக் கண்ணால் அளந்து
அத்தனை தடவையும் விழுந்து தீர்த்தான்.
தண்ணீரிடம்கூடக் கடன் வைக்காதவன்.

சாயங்காலம் நிறுத்தும் இடத்தில் ஒரு கல் வைப்போம்.
விடிந்ததும் அங்கிருந்துதான் ஆரம்பம்.
ரோடு போடுகிறவர்களுக்கு அது வெறும் கல்.
எட்டாம் மாதம், கணவாய்க்குக் கீழே,
நாங்கள் எழுவதற்குள் ஜல்லி பரப்பியிருந்தார்கள்.
கருங்கல். முனை மழுங்காத ஜல்லி.
கல்லைக் காணோம்.
அவனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.
"அக்கா, எங்கே நிறுத்தினேன்?"

எனக்குத் தெரியும்.
மின்கம்பத்துக்கு நேராக.
ஜல்லி முடிகிற இடத்தைக் காட்டி
"இங்கே" என்றேன்.

கைகூப்பினான், விழுந்தான்.
ஒரு வார்த்தை சந்தேகப்பட்டிருந்தால்
எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றிரவு அவன் தூங்கியதும்
ஐந்து கிலோமீட்டர் திரும்பி நடந்தேன்.
கைக்கட்டை எடுக்கவில்லை,
தேய்மானத்தை அவன் விரலால் தடவிப் பார்ப்பான்.
அவன் உயரத்துக்கு நாற்பது இருக்கும் அந்தத் தூரம்.
நான் குட்டை.

முதல் தடவை விழுந்தபோது நினைத்தது
அடுப்பை அணைத்தேனா என்று.
பத்தாவதில் உதடு கிழிந்தது.
பதினெட்டா பத்தொன்பதா, தப்பிவிட்டது;
கம்பத்துக்கே போய் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.
ஒரு நாய் கொஞ்ச தூரம் கூட வந்தது.
முப்பதுக்கு மேல்
எதையும் நினைத்ததாக நினைவில்லை.
முகத்துக்கு அடியில் கல் குளிர்ந்திருந்தது,
என் மூச்சு பட்டு ஈரமானது,
அவ்வளவுதான் உலகம்.
நாற்பத்தாறு.

காலையில் கிண்ணத்தை நீட்டியபோது
என் உள்ளங்கைகளைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
கெட்டிலை வாங்கி
முதல் தேநீரை எனக்கு ஊற்றினான்.

லாசாவில், கோயில் வாசல் கற்கள்
உடம்புகள் பட்டுப் பட்டுக் கண்ணாடியாகியிருந்தன.
தர்க்யே அழுதான்.
பக்கத்தில் ஒரு கிழவர் விசாரித்தார்,
நீயும் விழுந்துதான் வந்தாயா, அம்மா?
"இல்லை, வண்டி" என்றேன்.

இடது கையில் ஒரு ஜல்லித் துணுக்கு
தோலுக்குள்ளேயே தங்கிவிட்டது.
பனி இறங்கும் நாட்களில்
அதற்கு முதலில் தெரிந்துவிடும்.