ஜல்லி

மேசையில் மூன்று தட்டு.
முதலாவதில் மலை தானாக உடைத்தவை.
இரண்டாவதில் குரங்கு.
மூன்றாவதில் மனிதர்.
காலை ஏழு மணிக்கு மின்விசிறியைப் போட்டு உட்கார்ந்தால்
பியாவுயி வெயில் தகரக்கூரையை முறுக்கும்வரை
கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று
என் மாமியாருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

மலைக்குக் குறி பார்க்கத் தெரியாது.
எண்பது மீட்டர் செங்குத்திலிருந்து
கூழாங்கல்லை உதிர்க்கும், கீழே கிடக்கும் கல்லின்மேல்.
பட்ட இடத்தில் பிளவு.
ஒரு சில்லு போனபின் அடுத்தது
எந்தப் பக்கம் போகவேண்டும் என்ற கவலை அதற்கில்லை.
குருட்டாம்போக்கில் எப்போதாவது
நல்ல விளிம்பு ஒன்றைக் கொடுத்துவிடும்.
ஒரு அடி, சரி. இரண்டு, இருக்கட்டும்.
நான்காவதும் அதே கோணத்தில் விழுந்திருந்தால்
நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வேன்.

கப்புச்சின் குரங்கு
இரண்டு கையாலும் கல்லைத் தூக்கி
இன்னொரு கல்லில் மோதும்.
குனிந்து, பொடியை நக்கும்.
தெறித்த சில்லுகளைத் திரும்பியும் பாராது.
கோழி அறுக்கலாம், அவ்வளவு கூர்.
ஒத்தாவியோ தலையில் கைவைக்கிறான்:
"எல்லா அடையாளமும் இருக்கு, ஜூசிநெய்டி,
எண்ணம் மட்டும் இல்ல."
எண்ணத்தை எந்த லென்ஸில் பார்ப்பது,
அவன் படித்த படிப்பில் அது இருக்கிறதா,
நான் கேட்கவில்லை.

இன்றைய பை: ஐந்தாம் குழி, மேல்மண்.
உள்ளங்கையில் அடங்கும் ஒரே சில்லு.
அடி விழுந்த இடத்துக்குக் கீழே மெல்லிய புடைப்பு.
கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டினாலும்
தட்டுப்படும் அலைவரிகள்.
ஒத்தாவியோவின் கை மூன்றாம் தட்டுக்கு நீண்டது.
மணிக்கட்டைப் பிடித்தேன்.

அடிமுனையில் துரு.
கடுகளவு.

நெடுஞ்சாலை போட்ட வருஷம்
இந்த மலையடியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தோம்.
எனக்கு ஒன்பது வயது.
டயரை வளையமாக வெட்டி,
கல்லை அதற்குள் நிறுத்தி,
சுத்தியலால் ஒரு போடு.
டின் ஒன்றுக்கு ஒரு ரொட்டியின் காசு.
வளையத்தைத் தாண்டிப் போன ஒரு சில்லு
தம்பி ஜதியேலின் இடது கண்ணில் நின்றது.
அன்றைக்கும் மாலைக்குள் மூன்று டின்.
அம்மா ஒன்று, நான் இரண்டு.

"கை செஞ்சதுதான்" என்றேன்.
ஒத்தாவியோ பேனாவைத் திறந்தான்.
"ஆனா கருவி இல்ல."
மூடினான்.
"எத்தன வருஷம் பழசு?"
"முப்பத்தொண்ணு."
சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.
"அப்போ எண்ணம்?"
இருந்தது, ஒத்தாவியோ.
டின் நிரம்பவேண்டும்.
கல் என்ன வடிவில் உடைந்தால் யாருக்கென்ன,
உடைந்தால் போதும்.

இத்தனைக்கும் எவ்வளவு நல்ல சில்லு.
பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே சரிவில்
எவளோ ஒருத்தி இதைச் செய்திருந்தால்
பஞ்சில் சுற்றிச் சாவோ பாவுலோவுக்கு அனுப்புவார்கள்.
தோல் சுரண்டியிருப்பாள். கிழங்கு நறுக்கியிருப்பாள்.
அவளுக்கு அது வேண்டியிருந்தது.

நான்காவது தட்டு கிடையாது.
காப்பிச் சாசரைத் துடைத்து அதில் வைத்தேன்.
பன்னிரண்டு மணிக்கு ஜதியேல் சாப்பாடு கொண்டுவருவான்,
வந்ததும் மேசையைத்தான் பார்ப்பான்,
தலையை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி.

மணி பதினொன்றரை.
அடுத்த பையைப் பிரிக்கிறேன்.
சாசர் இன்னும் அங்கேயே இருக்கிறது.