ஒற்றை ஜி

தமிழ் ஏ. கணிதம் பி.
நன்னெறி பி. மலாய் சி.
அறிவியல் சி. ஆங்கிலம் டி.
சரித்திரம் ஜி.

பேரிலேயே ஏ/பி இருக்கே பிள்ளே,
அதையும் கூட்டிக்கச் சொல்லு, என்றார் அப்பா.
யோகமலர் ஏ/பி முனியாண்டி.
சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

மலாய் தேறினால் போதும் என்றிருந்தது
நான் எழுதிய ஆண்டில்தான்
சரித்திரமும் தேற வேண்டும் என்றானது.
முந்திய ஆண்டு எழுதிய அக்கா பொன்னிக்கும்
அதே பாடம், அதே ஜி.
அவள் சான்றிதழ் சாமிப் படத்துக்குப் பக்கத்தில்
கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.
என்னிடம் இருப்பது ஸ்லிப்.
நாலாய் மடித்து மடித்து
மடிப்பில் கணிதம் அழிந்துவிட்டது.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பதினோரு வருஷம்
நுண்ணோக்கிக்குள் குனிந்தபடி.
நூறு கால் உள்ள சிப்பில்
தொண்ணூற்றொன்பது நேராக நின்று
ஒன்று வளைந்திருந்தாலும்
வெளியே போகாது.
தூக்கிப் போடவும் மாட்டோம்.
நீலச் சீட்டு ஒட்டி ரீவொர்க் தட்டில் வைப்போம்.
இரவு சிஃப்டில் கின் மியோ வருவாள்.
வளைந்த காலை மட்டும் நிமிர்த்துவாள்,
மற்றதைத் தொட மாட்டாள்.
தொட்டால் கெட்டுப் போகும்.

லைன் லீடர் வேலைக்கு
என் பெயரை எழுதிக் கொடுத்தவர் மிஸ்டர் ஓய்.
சிஜில் எங்கே, என்றாள் எச்.ஆர். பெண்.
ஸ்லிப்பை நீட்டினேன்.
இது சிஜில் இல்லையே அக்கா.
நான் முதல்முறை சரித்திரம் எழுதியபோது
அவள் தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பாள்.
நல்ல பெண்தான். தண்ணீர் கொடுத்தாள்.

கல்வி இலாகா கவுண்டரில்
எல்லாப் பாடத்தையும் திரும்ப எழுதணுமா என்று கேட்டேன்.
கேட்கும்போது குரல் எனக்கே பிடிக்கவில்லை.
வேண்டாம், அந்த ஒன்று போதும், என்றார்.
ஐசி நகல், ஸ்லிப் நகல், கட்டணம்.
அவர் குத்திய முத்திரை நீலம்.

ஓய்வு நேரம் இருபது நிமிஷம்.
மீ கோரெங் ஆறும்; மலாக்கா வீழும்.
போனில் பொன்னி கேள்வி கேட்பாள்.
சான்றிதழ் வைத்திருப்பவள்
பதிலைத் தப்பாக வாசிப்பாள்.
திருத்துவேன்.
யாருக்குடி பரீட்சை, என்பாள்.

பதினேழு வயசுக்குச் செய்த மேசை.
முட்டி இடித்தது.
பக்கத்தில் லோரி ஓட்டும் கமாருல்,
சட்டைப் பையில் சுங்கச்சாவடிச் சீட்டும் பேனாவும்.
எத்தனாவது தடவை?
நாலு, என்றார்,
பிள்ளைகளை எண்ணிச் சொல்வதுபோல.

ஆங்கிலேயரும் டச்சுக்காரரும்
கடலில் கோடு கிழித்து
இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று
பிரித்துக்கொண்ட ஆண்டு எது?

தெரியும்.
கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பது
எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியும்.
ஆண்டுதான் வரவில்லை.
1826 என்று எழுதினேன்.
அடித்தேன். மறுபடி அதையே எழுதினேன்.
மணி அடித்துத் தாளை வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே மழை.
கமாருல் கை காட்டிவிட்டு லோரியில் ஏறினார்.
நான்கு மணி சிஃப்டு எனக்கு.
401ஆம் பஸ் வந்து நின்றது.
படியில் ஒரு கால் வைத்தபோது
நுண்ணோக்கியில் சட்டென்று துலங்குமே, அப்படி வந்தது:
ஆயிரத்து எண்ணூற்று இருபத்து நான்கு!
சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.
ஒரு வெள்ளி நாற்பது காசு, என்றார்.