பதின்மூன்றே முக்கால் மணி

பிராங்க்பர்ட்டிலிருந்து புவெனஸ் ஐரிஸ்.
பதினோராயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்,
பாதை வளைந்தால் இன்னும் கொஞ்சம்.
பதின்மூன்றே முக்கால் மணி நேரம்.
என் இரண்டு கால்களுக்கும் நடுவே
ஒரு நீலப் பெட்டி.

முப்பத்தொரு வருடம்
டிரெஸ்டனில் டிராம் ஓட்டினேன்.
கூட்டிப் பார்த்தால் பூமியை இருபது சுற்று,
ஊர் எல்லையைத் தாண்டாமலே.
இரண்டு நிமிடம் பிந்தினால் ஏச்சு,
ஒரு நிமிடம் முந்தினால் அதைவிடப் பெரிய ஏச்சு.
நேரம் எனக்குப் பழக்கம்.
தூரம்தான் புதிது.

பெட்டிக்குள் ஒரு பை.
பைக்குள்
யாரோ ஒருவனின் இடுப்பெலும்பிலிருந்து
இன்று காலை எடுத்தது.
கொடுத்தவன் பெயர் சொல்லவில்லை,
வாங்கப்போகிறவர் பெயரும்.
"எழுபத்திரண்டு மணி நேரம் தாங்கும்,
ரோஸ்விதா அம்மா" என்றாள் செவிலி,
பால் பாக்கெட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

எக்ஸ்ரேக்குள் விடாதே.
மேலே வைக்காதே.
வைன் கூடாது.
கழிவறைக்கும் பெட்டியோடு போ.
போனேன்.
அந்தச் சின்ன அறையில்
நாங்கள் இரண்டு பேரும்
பக்கவாட்டில்தான் நிற்க முடிந்தது.

பக்கத்து இருக்கையில் நெஸ்டோர்,
கால் நீட்ட இடமில்லாத நெட்டை மனிதர்.
"கேக்கா?" என்றார்.
இல்லை என்றேன்.
"அப்படியானால் பூனை" என்று
தானே முடிவு செய்து தூங்கிப்போனார்.
இரவு முழுக்கத் தன் காலை
பூனைக்காக மடக்கியே வைத்திருந்தார்.

திரையில் எங்கள் விமானம்
செனகலைவிடப் பெரிதாக இருந்தது.
அது நகர்கிறதா என்று
விரலை வைத்துப் பார்த்தேன்.
நகரவில்லை.
விரலை எடுத்ததும் நகர்ந்தது.

பிறகு கடல்.
கூப்பிடு தூரத்தில் ஒருவரும் இல்லை.
கூப்பிட்டால்தான் என்ன பெயர் சொல்லி?
அங்கே ஒரு படுக்கையில்
பழைய எலும்புச்சோற்றை முழுக்கக் கொன்றுவிட்டு,
புதியது வரும் என்று
ஒருவர் வெறுமையாகக் கிடக்கிறார்.
நான் விழுங்கும் ஒவ்வொரு வாய்த் தண்ணீரும்
எட்டு கிலோமீட்டர் கழித்துத்தான்
வயிற்றில் இறங்குகிறது.

விடியற்காலை தரை தட்டியது.
நாலு மணி நேரம் திருப்பித் தருகிறோம்,
கடிகாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள்.
எல்லோரும் மாற்றினார்கள்.
பெட்டியின் மூடியிலிருந்த எண் மட்டும்
அந்தச் சலுகையை வாங்கவில்லை.
21:40. 21:41.
உறைபனியிலிருந்து வந்த கம்பளிக் கோட்டோடு
டிசம்பர் வெயிலில் டாக்ஸிக்கு நின்றேன்.
21:58.

மருத்துவமனையில் ஒரு பெண்
வெப்பநிலையைப் படித்தாள்: நான்கு டிகிரி.
கையெழுத்துப் போட்டாள், இரண்டு இடத்தில்.
பையை எடுத்துக்கொண்டு
ஒரு கதவுக்குள் போனாள்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
நடைபாதை முப்பது அடிதான் இருக்கும்.
கொஞ்ச நேரம் அங்கேயே
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நின்றேன்.

மறுநாள் திரும்பினேன்.
அதே தூரம், காற்று முதுகில் தள்ள
முக்கால் மணி குறைவு.
பெட்டியை மேலே வைத்தேன்.
வைன் வாங்கினேன்.
கால் நீட்ட நிறைய இடம்;
மடக்கியே உட்கார்ந்திருந்தேன்.