நூற்றிருபது சென்டிமீட்டர்

முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனவை:
ஒரு ஷவர் திரை, காய்ந்த கற்றாழை,
சமையலறை ஜன்னலோரம்
தர்ப்பூசணிப் பருமனில் கண்ணாடிக் கிண்ணம்.
அதற்குள் இரண்டு தங்கமீன்கள்.
ஒன்று சுற்றும்போது மற்றது காத்து நின்றது.
முகாமில் பதினொரு பேருக்கு ஒரு குளியலறை,
நாங்களும் இப்படித்தான் நின்றோம்,
தோளில் துவாயுடன்.

வுப்பர்டாலில் மழை ஓயாத ஒரு சனிக்கிழமை
கடைக்காரி ஃப்ராவ் டெர்ஷோஃப்
அளவு நாடாவை மேசையில் உருட்டிவிட்டாள்.
"உயரம் எதற்கு? மீன் ஏணி ஏறாது.
நீளம் கொடுங்கள்."
கிண்ணத்துக்குத் தக்கபடிதானே வளரும் என்றேன்.
விரலுக்குத் தக்க வீக்கம் என்று
நாக்கு நுனிவரை வந்தது,
அதற்கு என்னிடம் ஜெர்மன் இல்லை.
அவள் தன் கையை நீட்டி
மணிக்கட்டில் மற்றக் கையை வைத்தாள்:
"இடமும் நல்ல தண்ணீரும் கிடைத்தால்
இவ்வளவு வரும். உங்களிடம் இருப்பவை
விரல் நீளம்தான், இல்லையா? எத்தனை வயது?"
தெரியாது.
விட்டுப்போனவரும் எழுதி வைக்கவில்லை.

நூற்றிருபது சென்டிமீட்டர்,
இருநூற்று நாற்பது லிட்டர்.
லிட்டருக்கு ஒரு கிலோ,
அதற்கு மேல் கண்ணாடி, கூழாங்கல், தாங்கும் பெட்டி.
எங்கள் கட்டடமோ என் பாட்டனைவிட மூத்தது,
பலகைத் தரை, நடந்தாலே முனகும்.
குருவித் தலையில் பனங்காய்.
வீட்டுக்காரர் ஹெர் லோமானுக்கு எழுதினேன்.
ஒன்பது நாள் கழித்து ஒரு வரி வந்தது:
பாரம் தாங்கும் சுவரோரம், உத்தரங்களுக்குக் குறுக்காக.

அந்தச் சுவர்
இரட்டைக் கட்டிலுக்கென்று நான் வைத்திருந்தது.

அதே கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில்
கணவருக்கான கோப்பைத் திறந்தார்கள்.
இருவருக்குப் போதிய இடம் உண்டா?
தரைப்படத்தில் பென்சில் முனை ஊர்ந்தது.
சமையலறைக்குள் போனது, குளியலறையில் தயங்கியது.
மீன்தொட்டி வைத்தால்
அந்த இடத்தைக் கழிப்பீர்களா என்று கேட்டேன்.
அவர் நிமிர்ந்தார்.
மூன்று சந்திப்பில் முதல்முறையாகச் சிரித்தார்.
"தளபாடங்களைக் கழிப்பதில்லை.
மீன்களை ஆட்களாகவும் எண்ணுவதில்லை."

இரவு செவ்வேள் தொலைபேசியில் கேட்டார்,
"எனக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்?"
ஜன்னலோரக் கட்டிலில் பாதி என்றேன்.
"அகலம்?"
நூற்றிருபது.
"தொட்டி?"
அதுவும் நூற்றிருபது.
மன்னாரில் ஒரு நாய் குரைப்பது
சிறிது நேரம் எனக்குக் கேட்டது.
"மீனுக்கு நீளவாட்டில், எங்களுக்குக் குறுக்குவாட்டில்,"
என்றார். கோபமா பகிடியா,
ஆறாயிரம் மைலில் குரலை யார் நிறுத்துப் பார்ப்பது?

பழைய தொட்டி, அறுபது யூரோ, ஓபர்பார்மனில்.
சலவைக்கூடத் தோழி மிலேனா ஒரு பக்கம், நான் மறுபக்கம்,
தொங்கு ரயிலில் ஏற்றினோம்.
சுற்றியிருந்தவர்கள் முழங்காலை மடக்கி வழிவிட்டார்கள்.
ரயில் வளைந்தபோது
கீழே ஓடிய வுப்பர் ஆறு
ஜன்னல் வழியாகத் தொட்டிக்குள் வந்தது,
பாலமும் வாத்துகளும் ஒரு சைக்கிளும் சேர்ந்து.
அடுத்த நிலையத்தில் இறங்கிப் பார்த்தால்
ஒரு துளியும் தங்கவில்லை.

வாளியால் நிரப்ப ஒரு மாலை போயிற்று.
தரை ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.
தண்ணீர் பக்குவப்பட ஐந்தாறு கிழமை வேண்டும்,
அவசரப்பட்டால் செத்துவிடும் என்றிருந்தாள் கடைக்காரி.
அதுவரை கிண்ணத்துக்கு
நாள்தோறும் பாதித் தண்ணீர் மாற்றினேன்.
விசாவும் ஐந்தாறு கிழமை என்றார்கள்,
அது எட்டைத் தாண்டிவிட்டது.

மீன்கள் இப்போது எதிரெதிர் முனைகளில்.
காத்து நிற்க வேண்டியதில்லை என்பது
சின்னதுக்கு இன்னும் பிடிபடவில்லை.
நான் இரவில் சுவரோரம் ஒதுங்கி
என் அறுபதில் படுத்துப் பழகுகிறேன்.
நேற்று நடுச்சாமம் பம்ப் இரைச்சலில் விழித்தேன்:
கை கால் பரப்பி
கட்டிலின் நட்ட நடுவில் கிடந்தேன்.